குலவைக்கு அடியில் ஒரு குரல்

முதல் போனில் குலவை. இரண்டாவது போனிலும் குலவை. மூன்றாவதில் குலவையோடு ஒரு கைக்குழந்தையின் அழுகையும் இலவசம்.

"யக்கா, இன்னொரு தடவ கேட்டேன்னா நானே பானை மாதிரிப் பொங்கிருவேன்," என்று ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான் மணிகண்டபிரபு.

ரெபேக்காள் பார்த்த பார்வையில் பொங்குவது என்ன, அடுப்பே அணைந்துவிடும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் இசக்கிசெல்வி உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு சிரிக்க ரெபேக்காளுக்கு மனம் வரவில்லை. செத்தவன் அவளுடைய அண்ணன். கொன்றதாக ஜெயிலில் இருப்பவன் அவளுடைய புருஷன். யாருக்காக முதலில் அழுவது என்று தெரியாமல், இதுவரை அவள் யாருக்காகவும் அழவில்லை. அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

தென்காசிக் கோபுரம் தெரிகிற தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ரெபேக்காளின் துப்பறியும் அலுவலகம். போலீசில் ஏட்டாக இருந்து, மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்து, வேலையை உதறிவிட்டு வந்தவள். வயது ஐம்பதைத் தாண்டியும் அந்த வாய் இளைக்கவில்லை. பிரபு மைக்செட், கல்யாண வீடியோ என்று அலைந்தவன். பந்தியில் நடந்த அடிதடியைச் சத்தத்தோடு துடைத்தெடுத்துவிட்டு, சம்பந்திகள் சிரிப்பதை மட்டும் வீடியோவில் விட்டுவைப்பதில் பெயர் எடுத்தவன். அந்தப் பெயருக்காகத்தான் அவனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். அவனுடைய வாய் அந்தச் சம்பளத்தில் சேர்த்தி இல்லை.

"நடந்தத மொதல்லருந்து சொல்லும்மா," என்றாள் ரெபேக்காள். "இவனும் கேக்கட்டும்."

இசக்கிசெல்வி சொன்னாள். அவளுடைய அண்ணன் சண்முகநாதனுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. அதற்கு எதிரிலேயே அவளுடைய புருஷன் சுந்தரபாண்டியும் ஒரு மண்டி திறந்தான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இந்தச் சீசனில் சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் உள்ள தோப்பில், குடும்பத்து இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைத்துச் சமாதானமாகலாம் என்று முடிவு செய்தார்கள். உச்சிவேளைக்குப் பானை பொங்கும் நேரம். மச்சானும் மச்சினனும் ஒன்றாகக் குளிக்க ஆற்றில் இறங்கினார்கள். மலையில் பெய்த மழைக்குத் தண்ணீர் திடீரென்று ஏறியது. சுந்தரபாண்டி மட்டும் உடம்பெல்லாம் சிராய்ப்போடு கரையேறி வந்தான்.

"எங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுதாருன்னா, எங்க அண்ணன் வழுக்கி ஆழத்துல விழுந்து, அக்கரைப் பாறையப் பிடிச்சிக்கிட்டானாம். இவரு இக்கரையில நின்னு, 'வடிவக்கா'ன்னு எங்க மைனி பேரச் சொல்லி ரெண்டு தடவ கத்துனாராம். ஆத்துல எறங்குத படிக்கட்டு மேல மைனிதான நின்னா. யாரும் எட்டிப் பாக்கல. பொறவு இவரே குதிச்சிட்டாரு. அண்ணன் கைக்கு அகப்படல."

"மைனி என்ன சொல்லுதா?"

"ஒரு சத்தமும் கேக்கலங்கா. போலீஸ்லயும் அப்படித்தான் சொல்லிட்டா. காலையில ரெண்டு பேரும் மொறச்சிக்கிட்டு நின்னாவன்னு வேற சேத்துச் சொல்லிட்டா." இசக்கிசெல்வி சேலை முந்தானையை விரலில் சுற்றினாள். "நாளைக்கு ஜாமீன் மனு வருது. சத்தமே கேக்கலன்னா கத்துனேன்னு அவரு சொன்னது பொய்யின்னு ஆயிருதுல்லா. அது பொய்யின்னா எல்லாம் பொய்யின்னு ஆயிரும்."

மைனி என்பது சண்முகநாதனின் மனைவி முத்துவடிவு. மேசையில் கிடந்த போன்களில் ஒன்று அவளுடைய மகள் சுஜிதாவுடையது. படிக்கட்டுக்குப் பக்கத்துத் தென்னைமரத்தில் சாய்த்து வைத்து, பொங்கல் பொங்குவதை வீடியோ எடுத்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாமல் அத்தையிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மற்ற இரண்டும் கூட்டத்தில் நின்ற சித்திகளுடையவை.

"இன்ஸ்பெக்டர்ட்ட பேசிட்டேன்," என்றாள் ரெபேக்காள். "இந்தக் காலத்துல செத்தவனப் பேச வைக்க ஒரு போன் போதும், பிரிச்செடுத்த குரலத் தூக்கிட்டு வராதீங்க, காதால கேட்ட ஆளக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாரு. அவரு சொல்லுததுலயும் நியாயம் இருக்கு. ஆனா கேட்ட ஆளு யாருன்னு போனுதான் நமக்குச் சொல்லணும். ஏலே, எது வரைக்கும் வந்திருக்கு?"

பிரபு மடிக்கணினியைத் திருப்பி வைத்தான். "மூணு போனும் மூணு எடத்துல இருந்துச்சுல்லா. ஒருத்தர் குரல் இந்தப் போனுக்குக் கிட்டன்னா அந்தப் போனுக்குத் தூரம். குலவை எந்த நிமிஷம் ஆரம்பிக்குன்னு பாத்து மூணையும் ஒண்ணா நிறுத்திட்டேன். கிட்டக் குரல் எது, எட்டக் குரல் எதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா ஒவ்வொருத்தரையா கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்திரலாம். சித்தியத் தனியா ஒக்கார வச்சிட்டேன். மேளத்த வாசலுக்கு அனுப்பிட்டேன். பிள்ளைக்குப் பால் குடுத்துத் தூங்க வச்சிட்டேன். இந்த ஆத்துச் சத்தம் மட்டுந்தான் எல்லாத்து மேலயும் சாம்பார் மாதிரி ஊத்திக் கெடக்கு."

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

அவன் ஒரு பொத்தானைத் தட்டினான். குலவை போயிருந்தது. மேளம் போயிருந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று 'வடி' என்று எழும்பி, நெளிந்து, இழுபட்டு அமுங்கியது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அதே. ரெபேக்காளுக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது, ஆனால் ஆள் குரல் மாதிரி இல்லை.

"பாறையில பட்டு எதிரொலிக்குதோ என்னமோ," என்றான் பிரபு. "கூப்பிட்டது யாருன்னு சொல்ல முடியல. அக்கரையில, ஆத்துக்குப் பக்கத்துல ஒரு போன் இருந்திருந்தா உரிச்சிப்புடலாம்."

"அக்கரையில யாரு இருக்கா?"

"ஜாஹிரா பீவி அம்மா," என்றாள் இசக்கிசெல்வி. "சீசனுக்கு ரூம் விடுவாவ. போலீஸ்காரங்க அங்கயும் போய்ப் பாத்தாவளே, ஒண்ணும் இல்லன்னுட்டாவ."

"அவங்க எதப் பாத்தாங்களோ, நாம அத விட்டுட்டு மத்ததப் பாப்போம். எந்திரிலே."

குற்றாலத்தில் சாரல் விட்டு விட்டுத் தூவிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய் பூசிய உடம்புமாக ஜனம் திரிந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் வாசனைக்கு பிரபு காரின் கண்ணாடியை இறக்கினான். ரெபேக்காள் முறைத்ததும் ஏற்றினான். பின்சீட்டில் இசக்கிசெல்வி வெளியே பார்க்காமல் வந்தாள். ஒரு குடும்பம் பூராவும் சிரித்துக்கொண்டே நனைகிற ஊரில் துக்கத்தோடு வருகிறவர்களுக்குக் கண்ணை வைக்க இடம் கிடையாது.

ஜாஹிரா பீவியின் வீட்டுக் கேட்டுக்குப் பின்னால் ஆறு ஓடியது. கேட்டுத் தூணில் ஒரு கேமரா. ஆற்றைப் பார்க்கவில்லை, தெருவைத்தான் பார்த்தது.

"குப்பிய எவன் எறிஞ்சிட்டுப் போறான்னு பாக்கத்தான் வச்சேன்," என்றாள் ஜாஹிரா பீவி. "போலீஸ் வந்து அன்னைக்கு உள்ள படத்தப் போட்டுப் பாத்தாங்க. ஒரு நாயி வந்துச்சு, ஒரு நாயி போச்சு. அவங்களும் போயிட்டாங்க."

ரெபேக்காள் கேமராவை அண்ணாந்து பார்த்தாள். "குப்பி எறியுதவனப் பாத்து என்னம்மா செய்வீங்க?"

"ஏசுவேன். போன்ல பேசுனா அதுக்குள்ள இருந்து சத்தம் வரும். அவன் திருப்பி ஏசுறதும் எனக்குக் கேக்கும்."

"அப்ப இதுக்குக் காது இருக்கு."

பிரபு வாயைப் பிளந்தான். "யக்கா! எல்லாரும் கண்ணுல டார்ச் அடிச்சிப் பாத்திருக்காவ. காதப் பாக்க டாக்டரு வரவே இல்ல."

"அன்னைக்கு நான் கடையத்துல மக வீட்டுல இருந்தேன்," என்றாள் ஜாஹிரா பீவி. உள்ளே போகத் திரும்பியவள், பின்சீட்டிலிருந்து இறங்கிய இசக்கிசெல்வியைப் பார்த்து நின்றுவிட்டாள். "நான் இங்கன இருந்திருந்தா கேட்டிருக்கும் தாயி. கொல்லையில கயிறு கெடக்கு. வீசியிருப்பேன்." பிறகு டீ போட உள்ளே போனாள்.

வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரபு நாலு சத்தத்தையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினான். கேமராவின் காதிலும் குலவை தூரத்தில் கேட்டது. அதை வைத்து மற்ற மூன்றோடு சேர்த்துவிட்டான்.

"கூப்பிட்டது யாருன்னு பொறவு பாப்போம்," என்றாள் ரெபேக்காள். "மொதல்ல சுஜிதா போன்லருந்து முத்துவடிவ மட்டும் எடு. அவ கேட்டாளா இல்லையா, அதச் சொல்லு."

"கேக்கறது எப்படிக்கா கேக்கும்? காதுக்குச் சத்தம் கெடையாதே."

"வாய் காட்டிக்குடுத்துரும். போடு."

மற்ற எல்லோரையும் அகற்றியபின் முத்துவடிவின் குரல் தனியாக நின்றது. ஓயாத அதிகாரம். விறகைத் தள்ளு என்றாள், வெல்லத்தை இப்போது போடாதே என்றாள், வெற்றிலையை எங்கே வைத்தாய் என்று யாரையோ கடிந்தாள். 'தேங்காய எடுத்து' என்று ஆரம்பித்தவள், முடிக்கவில்லை. பிரபு திரையில் விரலை வைத்தான். முதல் கூப்பாடு விழுந்த இடம் அதுதான். மூச்சு மட்டும் கேட்டது. இரண்டாவது கூப்பாடு விழுந்ததும், அந்த மூச்சுக்குப் பின் ஒரு சத்தம்.

தூ. தூ. தூ.

"வெத்தல போட்டிருப்பாவ," என்றான் பிரபு. "துப்புனதுக்கெல்லாம் கேஸ் போட்டா தென்காசி பஸ் ஸ்டாண்டையே உள்ள வைக்கணும்."

"அன்னைக்கு மைனி விரதம்," என்றாள் இசக்கிசெல்வி. "படைச்சு முடியிற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கமாட்டா."

"விரதம் இருக்கவ," என்றாள் ரெபேக்காள் மெதுவாக. "பான பொங்குத நேரம். சாமிக்கு எதுத்தாப்புல நிக்கா. எந்தப் பொம்பளையாவது அங்கன துப்புவாளா? துப்புதான்னா சாமிய மறக்கடிக்கிற அளவுக்கு எதுக்கோ பயந்திருக்கா. ரெண்டு தடவையும் அவ காதுல விழுந்திருக்கு."

"பொறவு ஏன் கேக்கலன்னு சொல்லுதாவ?" என்றான் பிரபு.

ரெபேக்காளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அதை அவள் வெளியே விடவில்லை. "அந்தக் கூப்பாட்ட உரி," என்றாள்.

பிரபு குனிந்துகொண்டான். இக்கரைப் போனில் பெரிதாகவும் அக்கரைக் கேமராவில் சின்னதாகவும் இருந்ததை ஒரு பக்கம் ஒதுக்கினான். முதலில் வந்தது சுந்தரபாண்டியின் குரல். 'வடிவக்கா!' தொண்டை கிழியக் கத்தியிருந்தான். இசக்கிசெல்வி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அவன் சொன்னது நிஜம்.

"அவ்வளவுதான, பொட்டணத்தக் கட்டுவோம்," என்று சொன்ன பிரபு, சொன்னபடி கட்டவில்லை. திரையையே பார்த்தான். "யக்கா, இது எதிரொலி இல்ல. இவரு குரல எடுத்த பொறவும் மிச்சம் கெடக்கு. இது கேமராவுக்குத்தான் கிட்ட. அக்கரையில இருந்து வருது."

அக்கரையில் யார் இருந்தார்கள் என்பது மூவருக்கும் தெரியும். அவன் தட்டினான்.

'வடிவூ!'

தண்ணீர் குடித்த குரல். கனத்த குரல். அதைக் கேட்டதும் இசக்கிசெல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே," என்றாள். அத்தனை நாளாக உள்ளே கிடந்தது அந்த ஒரு சொல்லோடு உடைந்து வந்தது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டும் அவளால் அடக்க முடியவில்லை. டீத் தட்டோடு வந்த ஜாஹிரா பீவி, தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு மனிதர்கள், இரண்டு கரையில், ஒரே நேரத்தில் ஒரே பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு குரலும் ஆற்று இரைச்சலில் ஒன்றாகப் பின்னிக்கொண்டு மேலே ஏறியிருக்கின்றன. ஆற்றின் ஓசை காதை அடைத்ததில் சுந்தரபாண்டிக்கே தன் மச்சான் கத்தியது தெரியாது. தள்ளிவிட்டவனும் விழுந்தவனும் சேர்ந்து ஓர் ஆளை உதவிக்குக் கூப்பிட மாட்டார்கள். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆனால் இதை இனி முத்துவடிவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

மேலகரத்தில் முத்துவடிவின் வீட்டுக்குப் போகிற வழியில் பிரபுதான் முதலில் பேசினான். கிண்டல் இல்லாத அவனுடைய குரல் ரெபேக்காளுக்கே புதிதாக இருந்தது.

"யக்கா, பாண்டி குரல மட்டும் காட்டுனாப் போதாதா? புருசன் கூப்பிட்டது அந்தம்மாவுக்குத் தெரியவே வேண்டாமே."

"பாண்டி கத்துனது மட்டும்னா, தள்ளிவிட்டுட்டு நடிச்சான்னு சொல்லுவாங்கலே. புருசன் குரலச் சேத்தாத்தான் இவன் வெளிய வருவான். அதையும் அவ வாயால சொன்னாத்தான் செல்லும்."

"அதச் சொல்லச் சொல்லி நம்மளே போயி..."

"ஆமா," என்றாள் ரெபேக்காள். "நம்மதான் போணும்."

முத்துவடிவின் வீட்டு வாசலில் இசக்கிசெல்வி காரை விட்டு இறங்கினாள், ஆனால் படி ஏறவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவளை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியிருந்தாள் மைனி. சாரலில் தாழ்வாரத்து ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

கதவைத் திறந்தது சுஜிதா. உள்ளே சண்முகநாதனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. முத்துவடிவு அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. போனில் கேட்ட அந்த அதிகாரக் குரலுக்குச் சொந்தக்காரி இவள்தான் என்று நம்ப முடியவில்லை.

"போலீஸ்ல எல்லாம் சொல்லியாச்சே," என்றாள்.

ரெபேக்காள் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். பொங்கல் பொங்குத நேரம், சாமி முன்னால, எதுக்கும்மா துப்புன?"

முத்துவடிவின் கை விளக்கின் பக்கம் போய்த் திரியைத் தூண்டியது. திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. "யாரு பாத்தா?" என்றாள்.

"யாரும் பாக்கல. கேட்டோம்."

முத்துவடிவு, மகள் நிற்பதையும் பிரபு நிற்பதையும் மறந்துவிட்டாற்போல் விளக்கைப் பார்த்துப் பேசினாள்.

"உச்சிவேள. ஆத்துப் பக்கம். பேரச் சொல்லி யாரும் கூப்பிட்டா ஒடனே திரும்பப்பிடாதுன்னு எங்க அம்ம சொல்லுவா. மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுசன். அதுகளுக்கு மூணாவது தடவ கூப்பிட வராது. ரெண்டோட நின்னுரும். சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான் இருந்திருக்கேன். மொதத் தடவ கேட்டுது, எனக்குப் பேச்சே வரல. ரெண்டாவதும் கேட்டுது. ரெண்டு தொண்ட சேந்த மாதிரி ஒரு குரலு. அவுக குரலும் இல்ல, பாண்டி குரலும் இல்ல. மனுசக் குரலே இல்ல. துப்புனேன். மூணாவது தடவ கூப்பிட்டா மனுசந்தான்னு ஓடிப் போயிப் பாப்போம்னு நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். கூப்பிடல."

ரெபேக்காள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். கீழப்பாவூர் பக்கத்து வயல்வெளியில் வளர்ந்தவளும்கூட. உச்சி வெயிலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளும் மூன்றாவது குரலுக்குத்தான் திரும்புவாள். பாதிரியாரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். அங்கே நின்றது தானாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு முத்துவடிவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"உன் எடத்துல நான் நின்னிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்மா," என்றாள்.

முத்துவடிவு அதைக் கேட்டாளோ இல்லையோ. "பொறவு பாண்டி நனஞ்சு ஏறி வந்தான். ரெண்டு தடவ கூப்பிட்டேனேக்கா, வரலியேக்கான்னு என் காலப் பிடிச்சு அழுதான். அவன் தள்ளலன்னா அப்ப யாரு கொன்னா? நான்தான கொன்னேன்? அவன் தள்ளுனான்னு நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது. அதான் கேக்கலன்னு சொன்னேன்."

வாசற்படியில் நின்ற சுஜிதா சத்தமில்லாமல் சரிந்து உட்கார்ந்தாள்.

ரெபேக்காள் பிரபுவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மடிக்கணினியைத் திறந்து தரையில் வைத்தான். பிரிக்காத கூப்பாட்டை முதலில் போட்டான்.

முத்துவடிவு பின்னுக்கு நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டாள். "இதான்! இதே குரல்தான்! சொல்லுங்க, இது மனுசக் குரலா?"

"ரெண்டு மனுசரு," என்றாள் ரெபேக்காள். "ஒண்ணு பாண்டி. இன்னொண்ணு யாருன்னு நீதான் சொல்லணும். கேக்குதியா? வேண்டாம்னா இப்பவே மூடிருதோம்."

முத்துவடிவு கேட்கிறேன் என்று தலையசைத்தாள். பிரபு தட்டினான்.

'வடிவூ!'

அவள் அசையவில்லை. விளக்கொளியில் படத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

'வடிவூ!'

பிறகு வெறும் தண்ணீர். அவள் முன்னால் குனிந்து, அந்தத் தண்ணீரின் சத்தத்தை முடியும்வரை கேட்டாள். முடிந்தபிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்மா," என்றாள் ரெபேக்காள். பொய் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. "ரெண்டு தடவதான் கூப்பிட்டிருக்காரு. அதுக்கு மேல தண்ணி விடல. பாண்டியும் கத்துறத நிறுத்திட்டுக் குதிச்சிட்டான்."

"பாண்டி குதிச்சானா?"

"நெஞ்சு பூரா சிராய்ப்பு. சண்ட போட்டதுல வந்த காயம்னு எழுதியிருக்காங்க. பாறையில தேடுனதுல வந்தது."

முத்துவடிவு படத்தை ஒரு தடவை பார்த்தாள். "எய்யா," என்றாள் பிரபுவிடம், "இன்னொரு தடவ போடு."

எத்தனையோ கல்யாண வீட்டு அழுகையை வெட்டி ஒட்டியவன், அந்தப் பொத்தானைத் தேடித் தடவினான். ரெபேக்காள் அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

'வடிவூ!'

"இந்தா வந்துட்டேன்," என்றாள் முத்துவடிவு.

அடுத்தது வருமுன் பிரபு நிறுத்திவிட்டான். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுஜிதா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். முத்துவடிவு அழுதாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் அழுதாள். யாரும் தேற்றவில்லை.

அழுது ஓய்ந்தபின் அவளாகவே எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த சேலையை எடுத்துப் போர்த்தினாள். "வெளிய ஒங்க அத்த நிக்காளா?" என்று மகளிடம் கேட்டாள்.

"மழையில நிக்காங்கம்மா."

முத்துவடிவு வாசலுக்கு வந்தாள். தாழ்வாரத்து ஓரத்தில் நின்ற இசக்கிசெல்வி அவளைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினாள். ஏச்சு விழப்போகிறதென்று நினைத்தாள் போல. முத்துவடிவு படியிறங்கிப் போய் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாட்டி செல்வி, ஸ்டேஷனுக்குப் போவோம். எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லுதேன்."